கன்ட்ரோலுக்கு வால் முளைத்த ஐந்து மாதங்கள்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஐந்து மாதம் என் கன்ட்ரோல் செல்கள் அத்தனைக்கும் வால் முளைத்திருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நரம்புச் செல் ஆராய்ச்சிக்காக வளர்க்கும் செல்களில் டிஎன்ஏ எவ்வளவு அறுந்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் செய்யும் சோதனைக்குப் பெயரே காமெட் அஸ்ஸே. வால்நட்சத்திரச் சோதனை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், ஆய்வகத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் காமெட் என்றே வைத்துக்கொள்கிறேன். செல்களை அகரோஸ் என்ற வெதுவெதுப்பான ஜெல்லில் கலந்து, கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக ஊற்றி உறையவிட வேண்டும். அப்புறம் உப்பும் டிட்டர்ஜென்ட்டும் கலந்த கரைசலில் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க. செல்லின் சவ்வு, உள்ளே இருக்கும் புரதம் எல்லாம் கரைந்துபோய் டிஎன்ஏ மட்டும் உருண்டையாக ஜெல்லுக்குள் நிற்கும். அதைக் காரக் கரைசலில் ஊறவைத்து மின்சாரம் கொடுத்தால், அறுபடாத டிஎன்ஏ இருந்த இடத்திலேயே இருக்கும். அறுந்தது நேர்மின் முனையைப் பார்த்து இழுபடும். சாயம் போட்டு ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முன்னால் ஒரு தலை, பின்னால் புகை மாதிரி ஒரு வால். மொத்த வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் வாலில் இருக்கிறதோ, அதுதான் சேதத்தின் அளவு.

இதன் முதல் வடிவத்தை 1984இல் ஸ்வீடனில் ஆஸ்ட்லிங்கும் யோஹான்சனும் வெளியிட்டார்கள். இன்று எல்லோரும் செய்யும் காரக் கரைசல் முறையை 1988இல் அமெரிக்காவில் நரேந்திர சிங்கும் உடன் வேலை செய்தவர்களும் கொண்டுவந்தார்கள். பிஹெச் 13க்கு மேலே போனால் டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். அதனால் ஓர் இழை மட்டும் அறுந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

கன்ட்ரோல் என்றால் நாம் எதுவும் செய்யாமல் விட்ட செல்கள். அவற்றுக்கு வால் இருக்கக் கூடாது, இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. பக்கத்து ஸ்லைடில், டிஎன்ஏவை அறுக்கவென்றே ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த செல்கள். அவற்றுக்கும் அதே அளவு வால். இரண்டு வரைபடத்தையும் என் வழிகாட்டி மேடத்தின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. அப்போ நீ இத்தனை நாள் எதை அளந்தே?" என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

முதல் முடிச்சை அவிழ்த்தது என் சீனியர் அக்கா. ஒரு நாள் நான் வேலை செய்வதை ஒன்றும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். 12 குழாய். பெராக்சைடு கொடுத்தவற்றில் நேரம் முக்கியம், செல் தன் டிஎன்ஏவைத் தானே ரிப்பேர் செய்யத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அவற்றை முதலில் ஸ்லைடில் ஏற்றிவிடுவேன். கன்ட்ரோல் கடைசி. "ஒன்றும் செய்யாத செல்கள்தானே, கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்ற நினைப்பு. அக்கா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்: "உன் கன்ட்ரோல் டிரிப்சின் பட்டு 50 நிமிஷமா டியூப் லைட்டுக்குக் கீழே நிக்குது. நாம யாராவது அப்படி நின்னா என்ன ஆவோம்?"

தட்டில் ஒட்டிக்கொண்டு வளரும் செல்லை டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்தெடுப்பதே அதற்கு ஓர் அடி. பிரித்த பிறகு வெளிச்சத்தில், அறை வெப்பத்தில் நிற்க வைப்பது இன்னோர் அடி. நான் அதிகம் அடித்தது நான் அடிக்கவே இல்லை என்று நினைத்த செல்களைத்தான். அன்றிலிருந்து எல்லாக் குழாயும் பிரித்த நொடியிலிருந்து ஐஸில், வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மங்கலான மஞ்சள் விளக்கில் வேலை. அடுத்த வாரமே கன்ட்ரோல் வால் பாதிக்கு மேல் குறைந்தது.

குறைந்ததே தவிர போகவில்லை. மீதிக்குக் காரணம் சென்னை வெயில் என்று சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. காரக் கரைசலின் வெப்பநிலை கூடினால் வாலும் கூடும். குளிர் நாட்டு ஆய்வகத்தில் எழுதிய செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் அது எங்கள் அறை அல்ல. ஏசி ஓடாத ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில் எங்கள் அறை வேறு உலகம். செல் இன்குபேட்டரே 37 டிகிரிதான், சில நாள் அறைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது காரக் கரைசலை முந்தைய நாளே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், ஸ்லைடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டேங்கைச் சுற்றி ஐஸ் கொட்டுகிறேன், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இன்னொன்றும் பாருங்கள்: டேங்க் சமமாக இருக்கிறதா. எங்கள் மேஜை ஒரு பக்கம் லேசாகச் சரிவு. ஸ்லைடுக்கு மேல் நிற்கும் கரைசலின் ஆழம் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. அதற்கேற்ப வாலும் மாறியது. தச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்கி வைத்தேன். அந்த வருடம் நான் வாங்கியதிலேயே விலை குறைந்த கருவி அதுதான், அதிகம் உதவியதும் அதுதான்.

சரி, கன்ட்ரோல் கதை இது. பெராக்சைடு கொடுத்த செல்லுக்கு ஏன் வால் கூடவில்லை?

இதில் எனக்கு இரண்டு மாதம் போனது. மருந்து பழசு என்று புது பாட்டில் வாங்கினேன். அளவைக் கூட்டினேன். 100 மைக்ரோமோலாரில் ஒன்றும் இல்லை, 200இலும் பெரிதாக ஒன்றும் இல்லை, அப்புறம் ஒரேயடியாகச் செல்கள் செத்துப்போயின. இடையில் எதுவுமே கிடையாது. காரணம் என் கையிலிருந்த மீடியா, அதாவது செல் வளரும் திரவத்தின், பாட்டில் லேபிளிலேயே இருந்தது: சோடியம் பைருவேட். செல்லுக்குச் சத்து என்று சேர்ப்பது. ஆனால் பைருவேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்தித்தால் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குத் தீர்த்துக்கொள்ளும். மிஞ்சுவது அசிடேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர். என் மீடியாவில் பைருவேட் 500 மைக்ரோமோலார் இருந்தது. நான் 100 ஊற்றினால் அது செல்லைத் தொடுவதற்கு முன்பே காணாமல் போயிருக்கும். போதாததற்கு மீடியாவில் கலக்கும் சீரம் வேறு அதன் பங்குக்கு விழுங்கும். இரண்டு மாதமாக நான் பாட்டிலுக்குள் வேதியியல் செய்துகொண்டிருந்தேன், உயிரியல் அல்ல.

இப்போது செய்வது இதுதான்: மீடியாவை எடுத்துவிட்டு, பைருவேட்டும் சீரமும் இல்லாத கரைசலில், ஐஸ் மேல் வைத்து, ஐந்து அல்லது பத்து நிமிடம் மட்டும் பெராக்சைடு. ஐஸில் இருப்பதால் செல் பழுது பார்க்கத் தொடங்காது. அப்புறம் கழுவிவிட்டு வெதுவெதுப்பான மீடியா ஊற்றினால் அந்த நொடிதான் ரிப்பேருக்குப் பூஜ்யம். பெராக்சைடின் அளவைப் பாட்டிலில் எழுதியிருக்கும் 30 சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 240 நானோமீட்டரில் அன்றன்றைக்கு அளந்துவிடுங்கள். திறந்து மூடிய பாட்டில் மாதத்துக்கு மாதம் நீர்த்துக்கொண்டே போகும்.

முதல் முறையாக எல்லாம் சரியாக வந்த நாள் நினைவிருக்கிறது. கன்ட்ரோல் ஸ்லைடில் கரும் பின்னணியில் வட்ட வட்டமாகத் தலைகள் மட்டும், கோலப்புள்ளி வைத்த மாதிரி. பெராக்சைடு ஸ்லைடில் ஒவ்வொன்றுக்கும் அகலமான வால். சிலவற்றில் தலையே ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கி, எல்லாமே வாலில் போயிருந்தது. இவற்றை ஹெட்ஜ்ஹாக் என்பார்கள். செத்துக்கொண்டிருக்கும் செல், எண்ணாதே என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அதே செல்களுக்கு ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்துப் பார்த்தால் ஹெட்ஜ்ஹாக்குகளைக் காணோம், வட்டத் தலைகள் திரும்பி வந்திருந்தன. செத்தது திரும்பி வராதே. இதைப் பற்றி ஏற்கெனவே கட்டுரைகள் இருக்கின்றன என்று பிறகு தெரிந்தது. எண்ணாமல் தள்ளுவதற்கு முன்னால் யோசியுங்கள்.

எண்ணும்போதும் நம் மனம் சும்மா இருக்காது. ஒரு ஜெல்லுக்கு 50 செல். கன்ட்ரோல் என்று தெரிந்தால் கண் தானாக வட்டமானவற்றைத் தேடிப் போகும், மருந்து கொடுத்தது என்று தெரிந்தால் நீள வாலைத் தேடும். அக்கா என் ஸ்லைடுகளின் பெயர்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி வேறு எண் போட்டுக் கொடுப்பார், விடை அவர் டிராயரில். முதல் முறை அப்படி எண்ணியபோது என் அழகான வித்தியாசம் கணிசமாகச் சுருங்கிவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

அம்மா திருநெல்வேலியில். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்வார். ஒருமுறை, "மூளை செல்லு, மூளை செல்லுங்கியே, யாரு மூளைட்டி அது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நான் வளர்ப்பது எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் என்ற செல் வகை. உலகம் முழுக்க நியூரான், அதாவது நரம்புச் செல், ஆராய்ச்சியில் புழங்குவது. அதன் மூலம் 1970இல் எடுத்த ஒரு மாதிரி. நான்கு வயதுப் பெண் குழந்தை, நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய், அது பரவியிருந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தது. நியூயார்க்கில் ஜூன் பீட்லர் என்ற விஞ்ஞானியின் குழு அதிலிருந்து ஒற்றைச் செல்லைப் பிரித்து வளர்த்து, அதிலிருந்து மறுபடி, மறுபடி என்று மூன்று தடவை செய்து 1978இல் வெளியிட்டது. ஆக அம்மாவின் கேள்விக்கு விடை: யார் மூளையும் இல்லை. நியூரோபிளாஸ்டோமா மூளைக்கு வெளியே, பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியில் தொடங்கும் நோய். நரம்பாக மாற வேண்டிய இளம் செல்கள் வழி தவறிப் பெருகியது. அம்மாவிடம் குழந்தை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அந்தப் புள்ள இருக்கா?" என்றார். அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டுப் பார்த்ததே இல்லை.

இதனால் வேலையில் வந்த மாற்றம் ஒன்று உண்டு. "மனித மூளை நியூரான்களில்" என்று நான் எழுதியிருந்த தலைப்பை அடித்துவிட்டேன். புற்றுநோய்ச் செல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும், நியூரான் அப்படிப் பிரியாது. டிஎன்ஏ இரண்டு இழையும் அறுந்தால் பிரியும் செல் தன்னிடம் இருக்கும் இன்னொரு நகலைப் பார்த்துப் பிழையில்லாமல் ஒட்டும். நியூரானுக்கு அந்த நகல் கிடையாது, அறுந்த முனைகளை அப்படியே சேர்த்து ஒட்டவேண்டியதுதான். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு ஒன்றை அளந்து இன்னொன்றைப் பற்றி எழுதினால் எப்படி?

அதனால் செல்லைப் பிரியாமல் நிறுத்தி நியூரான் மாதிரி ஆக்குகிறோம், ரெட்டினாயிக் அமிலம் 10 மைக்ரோமோலார், ஆறு நாள். மஞ்சள் பொடி, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், எல்லாக் குழாய்க்கும் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். நான்காம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டையாக இருந்த செல்கள் மெல்லிய நீண்ட கிளைகளை விட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் காமெட்டுக்கு இவற்றைத் தட்டிலிருந்து பிரித்தாக வேண்டும், பிரித்தால் அந்தக் கிளைகளெல்லாம் அறுந்துபோகும். மறுபடி என் கையால் அடி. டிரிப்சினை விட்டுவிட்டு அக்யூடேஸ் என்ற மென்மையான நொதிக்கு மாறினேன். முக்கியமாக, கிளை விட்ட செல்லுக்கு கிளை விட்ட கன்ட்ரோல், விடாததற்கு விடாத கன்ட்ரோல் என்று தனித்தனியாக வைத்தேன்.

கிளை விட்ட செல்கள் பழுதை மெதுவாகச் சரிசெய்தன. இது எனக்கு வந்த முடிவு, ஒரு செல் வகையில், ஒரு ஆய்வகத்தில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் இதற்கு முன்கதை உண்டு. ஹானவால்ட்டும் நூஸ்பிகேலும் 2000இல் வேறொரு மனிதச் செல் வகையை நியூரானாக மாற்றி, புற ஊதாக் கதிரால் வரும் சேதத்தைப் பார்த்தார்கள். பயன்பாட்டில் இருக்கும் மரபணுக்களை நியூரான் பழுது பார்த்தது, மற்ற பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. எங்கள் வீட்டில் பாட்டி தனியாக இருந்தபோது புழங்கும் அறையை மட்டும் பெருக்குவார், பரண் பக்கம் போகமாட்டார். அது மாதிரி.

நியூரானுக்கு இது ஏன் பெரிய விஷயம்? மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் எரியும் இடத்தில் டிஎன்ஏவைக் கடிக்கும் கழிவும் வரும். தோல் செல் கெட்டால் உதிர்ந்துவிடும், புதிது வரும். நியூரான் பெரும்பாலும் நம்மோடு பிறந்து நம்மோடு போவது. பழுது பார்க்கும் ஏற்பாட்டில் ஓட்டை விழுந்த பரம்பரை நோய்கள் பல நரம்பில்தான் முதலில் தெரிகின்றன. ஏடிஎம் என்ற மரபணு கெட்ட குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் தள்ளாடுவார்கள். அந்த மரபணுவை 1995இல் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் படித்தபோது சேதம் என்றாலே நோய் என்று நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2013இல் ஒரு குழு ஆரோக்கியமான எலிகளைப் புது இடத்தில் சும்மா சுற்றிப் பார்க்க விட்டது. அவற்றின் நியூரான்களில் இரண்டு இழையும் அறுந்த இடங்கள் கூடின, ஒரு நாளுக்குள் சரியாயின. நியூரான் தூண்டப்படும்போது சில மரபணுக்களைத் திறக்கச் செல்லே தன் டிஎன்ஏவை வெட்டிக்கொள்கிறது என்று 2015இல் எம்ஐடியில் லீ-ஹுவே சாய் குழு காட்டியது. 2021இல் இரண்டு குழுக்கள், மனித ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய நியூரான்களில் குறிப்பிட்ட சில இடங்களில் பழுதும் பழுதுபார்ப்பும் திரும்பத் திரும்ப நடப்பதைக் கண்டன. எலி ஒரு புது மூலையை மோந்து பார்ப்பதற்கே டிஎன்ஏ அறுகிறது என்றால், என் கன்ட்ரோலில் மிஞ்சும் அந்தத் துளி வால் யாருடையது? என் கையினுடையதா, செல்லினுடையதா? இன்னும் முழுசாகப் பிரிக்க முடியவில்லை.

சேர்ந்தவுடனே செய்யவேண்டிய இரண்டு காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் ஆறாம் மாதம்தான் செய்தேன். ஒன்று, மைகோபிளாஸ்மா சோதனை. இந்தக் கிருமி வந்தால் மீடியா கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, ஆனால் அதனிடம் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் உண்டு. எங்களுக்கு இல்லை என்று வந்தது. அதே வாரம் பக்கத்து ஆய்வகத்தில் இருந்தது, அவர்கள் எல்லாத் தட்டையும் பிளீச் ஊற்றிக் கொன்றார்கள். இரண்டு, உங்கள் செல் நீங்கள் நினைக்கும் செல்தானா என்று எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாள முறையில் பார்ப்பது. யு87 என்று மூளைக்கட்டி ஆராய்ச்சியில் பல்லாயிரம் பேர் பயன்படுத்திய செல், 1966இல் உப்சாலாவில் எடுத்த அந்த மூலக் கட்டியினுடையதே அல்ல என்று 2016இல் உப்சாலாக்காரர்களே காட்டினார்கள். மூளைக்கட்டிதான், ஆனால் யாருடையதென்று தெரியாது.

போன டிசம்பரில் அம்மாவும் நானும் பெங்களூர் போனபோது, நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இருக்கும் மூளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது, குடும்பத்தார் சம்மதித்துக் கொடுத்தவை. கையுறை போட்டு ஒன்றைத் தூக்கிப் பார்க்கலாம். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, "பச்சப்புள்ளைய வாங்குற மாதிரி இருக்கு" என்றார். அப்படியே என்னைப் பார்த்து, "இதுலேந்து செல்லு எடுக்கமாட்டியளோ?" என்றார். எடுத்தாலும் இறந்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்பதே இன்னொரு சேதம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா அதற்குள் அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டார்.

என்னிடம் தீராமல் இருக்கும் ஒன்று ஆக்சிஜன். எங்கள் இன்குபேட்டருக்குள் இருப்பது கிட்டத்தட்ட வெளிக்காற்று, 20 சதவீதத்தை ஒட்டி. உயிருள்ள மூளைக்குள் அதில் சிறு பங்குதான். அதாவது நான் ஒன்றும் செய்யாமல் விட்ட கன்ட்ரோல் செல்லும் இன்குபேட்டருக்குள் நாள் முழுக்கக் கூடுதல் ஆக்சிஜனில் உட்கார்ந்திருக்கிறது. குறைந்த ஆக்சிஜன் இன்குபேட்டர் வாங்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். விலைப்பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குறைபாடுகள்னு ஒரு பத்தி எழுதிடு" என்றார். எழுதினேன், மூன்றாம் அத்தியாயத்தில், ஆறு வரி. வைவா அன்று வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டில் முதலில் திருப்பிய பக்கம் அதுதான்.